கடைக்கு நடந்துபோக ஒரு சட்டம்

1

போன வருடம் மார்ச்சில் ஒரு காலை, பால் வாங்க நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு போலீஸ் கார் மெதுவாக வந்து நின்றது. உள்ளே இருந்தவருக்கு மீசை கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "மேடம், உங்கள் கார் வழியில் நின்றுவிட்டதா?" என்று கேட்டார்.

இல்லை, கடைக்குப் போகிறேன் என்றேன்.

"நடந்தா?"

ஆமாம் என்றேன். அவர் சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். எங்கள் பகுதியில் நடைபாதை கிடையாது. தார் முடிகிற இடத்தில் புல் தொடங்கும். புல் முடிகிற இடத்தில் யாருடைய வேலியாவது தொடங்கும். நான் புல்லில் நடந்துகொண்டிருந்தேன். கடை இன்னும் வெகு தூரம், வெயில் ஏறிவிடும், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். ஏறிக்கொண்டேன். பின் இருக்கை. எனக்கும் அவருக்கும் நடுவில் கம்பி வலை.

சாயங்காலத்துக்குள் செய்தி என் மகள் ரேச்சலுக்குப் போய்விட்டது. யாரோ கடை வாசலில் பார்த்திருக்கிறார்கள். "மாம், உன்னை ஏன் போலீஸ் காரிலிருந்து இறக்கினார்கள்?" என்று போனில் கேட்டாள். அவள் பேசுவது ஆங்கிலம்தான்; இங்கே எழுதும்போது தமிழாகிவிடுகிறது. பால் வாங்கப் போனேன் என்றேன். "நான் வாங்கித் தரமாட்டேனா?" என்றாள். அவள் வீடு ஊரின் மறுகோடியில், புதிதாக வந்த குடியிருப்பில் இருக்கிறது. ஒரு புட்டி பாலுக்காக அவள் அவ்வளவு தூரம் வரவேண்டும், நான் காத்திருக்கவேண்டும். அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் எஸ்தர். சுங்குவார்சத்திரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி டெக்சாஸில் உள்ள இந்தச் சிறிய ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கணவர் தாமஸ் இருந்தவரை அவர்தான் பெரும்பாலும் கார் ஓட்டினார். வீட்டின் பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம், கண்ணில் நீரழுத்தம் என்று என் பக்கப் பார்வை போனது. நேரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியாது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண் அதை வாங்கி, மூலையில் ஓட்டை போட்டு, நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே தந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த இரண்டு வருடங்களில் எனக்கு எதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

2

அந்தக் காலத்துச் சுங்குவார்சத்திரம் அழகான ஊர் என்று சொல்லமாட்டேன். அழகில்லை. நெடுஞ்சாலை, பஸ் நிறுத்தம், டீக்கடைகள், லாரிக்காரர்கள் படுத்து எழுந்து போகிற இரண்டு லாட்ஜ்கள். தொழிற்சாலைகள் எல்லாம் பிறகு வந்தவை. எங்கள் வீடு சாலையைப் பார்த்து, சாலையிலேயே நின்றது. அப்பா கொத்தனார், கையில் செங்கல் மிஞ்சும்போதெல்லாம் ஒரு சுவர் எழுப்புவார். அப்படி எழுந்த வீடு அது. முன்னறையில் அம்மாவின் இட்லிக் கடை. மேலே தகரம் போட்ட ஓர் அறையில் நானும் தம்பி சாமுவேலும். பின்னால் இரண்டு சின்ன வாடகை வீடுகள். ஒன்றில் பஞ்சர் கடைக்காரரும் அவர் மனைவியும், மற்றதில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள். குளிக்கும் இடம் எல்லாருக்கும் ஒன்று. நான் தலை வாரினால்கூட யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தப் பையனோடு பஸ்ஸிலிருந்து இறங்கினேன் என்பது நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வீட்டுக்கு வந்திருக்கும்.

அதனால் 1991-ல் அமெரிக்கா சம்பந்தம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். தாமஸின் வீட்டார் தண்டலத்துக்காரர்கள். அவர் ஒரு போட்டோ காட்டினார்: அகலமான தெரு, புல்வெளி, ஓர் ஆள்கூட இல்லை. அந்த ஆளில்லாத தெருதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அம்மா அந்தப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடி இது, ஒருத்தரையும் காணோம்? கடைக்கு நடந்து பூடலாமா அங்க?" என்று கேட்டார்.

"கார்லதாம்மா போவாங்க" என்றேன் பெருமையாக.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கடைகள் மூடிக் கிடந்தன, ஜீப்புகள் ஓடின. விசா நேர்காணலில் அதிகாரி என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா என்று இருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "அந்த ஊரா?" என்று கேட்டார். அந்த ஊர்தான் என்றேன். இங்கே வந்த பிறகும் என் ஊரைத் தெரிந்திருந்த சிலருக்கு அந்த ஒரு காரணத்தால்தான் தெரிந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து, சாலையை அகலப்படுத்த டேப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அதற்கும் மே மாதத்துக்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சாலையோரத்து வீடுகளின் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். எங்கள் கோடு முன்னறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் போனது. முன்னறை போயிற்று, மாடி போயிற்று. மாற்றாக ஊருக்கு உள்ளே, சாலையிலிருந்து நன்றாக விலகி, வரிசையாக அளந்து போட்ட மனைகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லா மனையும் ஒரே அளவு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வீடு.

அங்கே போன மறுநாளே அம்மா அடுப்பை முன்பக்கம் வைத்தார். மேற்பார்வைக்கு வந்தவர் திட்டவில்லை. தன்மையாகத்தான் சொன்னார். "இங்க குடியிருக்க மட்டும்தாம்மா. யாவாரம்னா பஸ் ஸ்டாப்பாண்ட எடம் பாத்துக்க."

பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் இடம் இல்லை. இருந்தாலும், மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் அம்மாவால் நடக்க முடியாது. அடுப்பை உள்ளே எடுத்துப் போனார். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டுச் சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. டிசம்பரில் நான் விமானம் ஏறும் வரை அப்படித்தான் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். என் கல்யாணத்தில்கூட அழவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

3

போலீஸ்காரர் ஏற்றிச்சென்ற அந்த மாதமே நகர அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. எல்லா வீட்டுக்கும் வந்தது. நகரம் "ஃபார்ம் பேஸ்டு" சட்டம் ஒன்றைக் கொண்டுவர யோசிக்கிறது, கூட்டத்துக்கு வாருங்கள் என்று இருந்தது. நான் அதைப் படித்துவிட்டு, இனி எல்லாவற்றுக்கும் ஏதோ ஃபார்ம் பூர்த்திசெய்ய வேண்டும்போல என்று நினைத்தேன். இந்த நாட்டில் எனக்குப் பாதி வாழ்க்கை அதில்தான் போயிருக்கிறது. டோலோரஸிடம் சொல்லி அவள் காரில் நகர அலுவலகத்துக்குப் போனேன்.

டோலோரஸ் அடுத்த வீட்டுக்காரி. மெக்சிகோவிலிருந்து வந்தவள், என்னைவிடச் சற்று இளையவள். தாமஸ் போனபோது தெருவில் மற்றவர்கள் தபால்பெட்டியில் அனுதாப அட்டை போட்டுவிட்டுப் போனார்கள். இவள்தான் சோளமாவுக் கொழுக்கட்டை நிறைந்த பாத்திரத்தோடு கதவைத் தட்டியவள். அந்தக் கொழுக்கட்டையைக் கார் நிறுத்தும் அறையில் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். யாரோ புகார் செய்ய, குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் கூடாது என்று நகரத்திலிருந்து வந்து நிறுத்தினார்கள்.

கவுன்டரில் இருந்த பையனிடம் அட்டையைக் காட்டி, "அந்த ஃபார்மைக் கொடுங்கள்" என்றேன்.

"எந்த ஃபார்ம், மேடம்?"

"இதில் போட்டிருக்கிறதே, அந்த ஃபார்ம்."

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை. ஃபார்ம் என்றால் இங்கே படிவம் இல்லை, வடிவம். ஒரு எழுத்து மாறினால் தமிழில் சரியாகிவிடுகிறது. அவன் ஒரு பெரிய வரைபடத்தை விரித்துக் காட்டினான். இப்போதுள்ள சட்டம் ஒரு கட்டடத்துக்குள் என்ன நடக்கலாம் என்று சொல்கிறது: இங்கே வீடு, அங்கே கடை, வேறெங்கோ ஆபீஸ். புதுச் சட்டம் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. கட்டடம் தெருவைப் பார்த்து எப்படி நிற்க வேண்டும் என்றுதான் சொல்லும். எவ்வளவு உயரம், நடைபாதையிலிருந்து எவ்வளவு தள்ளி, வாசல் எந்தப் பக்கம். அப்படி நின்றால், கீழே கடையும் மேலே வீடும் இருக்கலாம். பெரிய வீட்டின் பின்னால் சின்ன வீடு கட்டலாம். நாலு குடித்தனங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். நடைபாதை கட்டாயம்.

"இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருடமா?" என்றாள் டோலோரஸ்.

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கடை, மேலே ஓர் அறை, பின்னால் இரண்டு வீடு. பென்சிலில் மிகச் சுத்தமாக, நிழலுக்கு மரமெல்லாம் போட்டு வரைந்திருந்தார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் சாமுவேல் போன் செய்வான். அதே மனையில்தான் இப்போதும் இருக்கிறான். அம்மா போய்ப் பல வருடமாயிற்று. வடக்கத்திப் பையன்கள் தங்குவதற்கு மேலே வரிசையாக அறை கட்டிவிட்டிருக்கிறான். எல்லாரும் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். கீழே அவன் மனைவி மெஸ் நடத்துகிறாள். அனுமதி உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "யாரு வந்து கேக்கறாங்கக்கா? தெரு பூரா அதான்" என்றான்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா சொல்ற? வூட்டுக்குக் கீய கட போடறதுக்கு இத்தினி பேரு கூட்டம் போட்டுப் பேசிகினு கீறாங்களா?"

"ஆமாண்டா."

"அக்கா, இங்க ஒரகடம் பக்கத்துல புச்சா வில்லா கட்டிக்கீறானுங்க. நான்தான் தண்ணி கேன் போடறேன். சுத்திலும் காம்பவுண்டு, கேட்டு, செக்யூரிட்டி. உள்ள ஒரு தீப்பெட்டி வாங்கணும்னாகூட வண்டி எடுத்துகினு வெளிய வரணும். அமெரிக்கா மாரின்னு போர்டு வெச்சுக்கீறான். நீ அங்க கடைய உள்ள வுடுன்னு கேக்கற. இங்க கடைய வெளிய வெச்சாதான் வூடு விக்குதாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவன், "அம்மா இருந்திருந்தா இப்ப மெஸ்ஸு அதுதான் பாத்துக்கும்" என்றான்.

"அம்மா அந்த மனைக்குப் போனப்புறம் ஏன் பேசறதையே வுட்டுச்சு, சாமு?"

"உன் மேல கோவம்னு நெனச்சுகினு இருந்தியா? கோவமெல்லாம் இல்லக்கா. யார்கூடப் பேசும், சொல்லு? சொவுரு கூடவா?"

5

கூட்டம் மே மாதம் நடந்தது. நகரசபை அறை நிறைந்து சிலர் சுவரோரம் நின்றார்கள். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு எரியும். டோலோரஸ் என் பெயரையும் கொடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

ரேச்சல் முன்வரிசையில் இருந்தாள். அவள் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அந்தச் சங்கம் சட்டத்துக்கு எதிராக மனு கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். அவள் பேசப்போகிறாள் என்பது தெரியாது. நான் வருவேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் நன்றாகப் பேசினாள். பள்ளிக்கூடத்திலேயே பேச்சில் பரிசு வாங்குவாள். வாடகைக்காரர்கள் வந்து போவார்கள், தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது, சரக்கு வண்டிகள் வரும் என்றாள். பிறகு, "என் அம்மா இந்த ஊரில் தனியாக இருக்கிறார். அவருக்குப் பார்வை பாதி இல்லை. அவர் வீட்டு வாசலில் லாரி வந்து நிற்பதை நான் எப்படி அனுமதிப்பேன்? அமைதியான தெரு என்று நம்பித்தானே அவரும் அப்பாவும் அந்த வீட்டை வாங்கினார்கள்" என்றாள். கடைசி வரியில் அவள் குரல் உடைந்தது. நடிப்பில்லை. எனக்குத் தெரியும்.

கைதட்டினார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் பேசினார்கள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். டோலோரஸ் என் முழங்கையைப் பிடித்து மைக் வரை கொண்டுவந்து விட்டாள்.

"அவள் சொன்ன அம்மா நான்தான்" என்றேன்.

அறையில் சிரிப்பு எழுந்தது. ரேச்சல் என் இடதுபக்கம் இருந்தாள், எனக்குத் தெரியவில்லை.

மகள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்றேன். பார்வை பாதி இல்லை. தனியாகத்தான் இருக்கிறேன். அமைதியை விரும்பித்தான் வந்தேன். முதல் சில வருடங்கள் அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும் என்றேன். பிறகு என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கடை, கோடு, புது மனை, ஒரே மாதிரி வீடுகள். எழுதிக்கொண்டு போகவில்லை. என் ஆங்கிலம் நடுநடுவே நொண்டியது. இட்லிக்கு அவர்களுக்குப் புரிகிற சொல் கிடைக்காமல் இட்லி என்றே சொன்னேன்.

"அந்தச் சட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரைச் சுத்தமாக வைக்க நினைத்தார்கள். வீடு ஓரிடம், கடை ஓரிடம். என் அம்மா அதனால் சாகவில்லை. அதற்குப் பிறகும் நிறைய வருடங்கள் இருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இப்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் வாரம் தவறாமல் வருகிறாள், பால் வாங்கி வருகிறாள். எனக்குப் பால் தேவையில்லை. பால் வாங்கப் போகத்தான் வேண்டியிருக்கிறது."

நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மேயர் மெதுவாக, "மேடம், சிவப்பு விளக்கு எரிந்து நேரமாகிறது" என்றார். விளக்கு ஓரத்தில் இருந்திருக்கிறது. மன்னியுங்கள், எனக்கு ஓரத்தில் தெரியாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சட்டம் நிறைவேறியது. ஆனால் எங்கள் பக்கத்து உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஓடைக்கு மேற்கே உள்ள தெருக்கள் பழைய சட்டத்திலேயே இருக்கும். எங்கள் பக்கத்துத் தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்த அந்த மனுவை மதித்து என்றார். திருத்தத்தோடுதான் நிறைவேறியது. என் தெரு ஓடைக்கு மேற்கே.

ரேச்சல் காரில் என்னை வீட்டில் விட்டாள். பாதி வழியில் ஓடையைத் தாண்டினோம்.

"பாட்டி கடை வைத்திருந்தது எனக்குத் தெரியாது" என்றாள்.

"சொன்னதில்லை."

"நான் பேசியது தப்பென்று இப்பவும் நினைக்கவில்லை, மாம்."

"சரி."

"உன் தெரு தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்."

அதற்கும் சரி என்றேன். அவள் மேல் கோபம் இல்லை.

6

ஊரின் பழைய கடைத்தெருவில் மூடிக் கிடந்த நாற்காலி மேசைக் கடை ஒன்று உண்டு. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். மேல்மாடியில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று பழைய சட்டம் சொன்னதால், அங்கே வெகுகாலமாகப் புறாக்கள்தான் இருந்தன. புதுச் சட்டம் வந்ததும் அதன் சொந்தக்காரர் மேலே மூன்று சின்ன வீடுகள் அமைத்தார். கீழே ஒரு பகுதியை டோலோரஸ் தன் மகனோடு சேர்ந்து வாடகைக்குப் பிடித்தாள். கைகழுவும் தொட்டி எத்தனை இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவளைப் பல மாதம் அலைய வைத்துத்தான் அனுமதி கொடுத்தார்கள்.

"படி ஏறுவாயா?" என்று என்னிடம் கேட்டாள்.

பெரிய வீட்டை விற்றேன். ரேச்சலுக்குப் பிடிக்கவில்லை. "கடைக்கு மேலேயா? எண்ணெய் வாசனை வராதா? அப்பா கட்டிக் காத்த வீடு" என்றாள். இருந்தும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பெட்டி கட்டுவதிலிருந்து திரை மாட்டுவது வரை எல்லாம் அவள்தான் செய்தாள். தாமஸின் சட்டைகளை அவளே மடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

இங்கே வந்து ஐந்து மாதமாகிறது. எண்ணெய் வாசனை வரத்தான் செய்கிறது. விடியும் முன்பே கீழே பாத்திரம் உருட்டுவார்கள். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ், அதற்கடுத்து கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். பாட்டை அலற விடுகிறார்கள். நேற்று போய்க் கதவைத் தட்டிச் சண்டை போட்டேன். குறைத்தார்கள். பால் கடை மூன்றாவது கட்டடம்.

போன சனிக்கிழமை ரேச்சல் வந்தாள். கடைத்தெருவில் காய்கறிச் சந்தை போட்டிருந்தார்கள், கார் நிறுத்த இடமில்லை. "நான் கூட்டத்தில் சொன்னதுதானே இது!" என்று கத்திக்கொண்டே படியேறி வந்தாள். காரைத் தேவாலயத்தின் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவந்து, ஒரு செருப்பைக் கையில் பிடித்திருந்தாள், குதிகாலில் கொப்புளம். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

"வழியில் ஒரு ஆள் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, நீ எஸ்தரின் மகளா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். நடை அப்படியே இருக்கிறது என்றார்." செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா இருக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே காரில் ஏறுவதையும் காரிலிருந்து இறங்குவதையும்தான் பார்த்திருக்கிறேன்.

கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். நான் ஜன்னலுக்கு வந்து நின்றேன். சந்தைக் கூட்டத்துக்குள் அவள் கொஞ்சம் நொண்டிக்கொண்டே போனாள். ஓரம் தெரியாததால் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. தேவாலயத்து முனையில் அவள் திரும்பும் வரை பார்த்தேன்.